கொக்கிக்கு கிரீஸ் போடலாமா?

கொல்லிமலையில் திருப்புலி நாடு என்று ஒரு ஊராட்சி இருக்கிறது. எழுத்தைக் கவனியுங்கள். திருப்பு'ளி' அல்ல, திருப்பு'லி'. முன்னது ஸ்க்ரூ முடுக்குகிற சமாசாரம். பின்னது நாமக்கல் மாவட்டத்தில் மேகத்துக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கிற நாடு. அந்த மலை மேல் மொத்தம் 14 ஊராட்சிகள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு, தேவனூர் நாடு என்று பெரும்பாலும் எல்லாமே 'நாடு'தான். பாஸ்போர்ட், விசா எதுவும் வேண்டாம். காரவள்ளி அடிவாரத்தில் ஆரம்பித்து 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாங்குகிற வயிறு மட்டும் வேண்டும்.

இரண்டு 'திருப்பு'களையும் ஒரே பாராவில் போட்டதற்குக் காரணம் உண்டு. இந்த வாரம் திரும்புகிற இடத்தைப் பற்றித்தான் பேச்சு. டிராக்டருக்கும் அதன் பின்னால் வருகிற டிரெய்லருக்கும் நடுவில் ஒரு கொக்கி இருக்கிறதே, அதற்கு கிரீஸ் போடலாமா, கூடாதா?

"என்ன ஸார், நாட்டில் எத்தனையோ பிரச்னை இருக்க, இதைப் போய்..." என்று முணுமுணுக்கிறவர்கள் அடுத்த தடவை மலையிறங்கும்போது முன்னால் ஒரு டிராக்டர் டிரெய்லர் நிறைய மரவள்ளிக் கிழங்கை ஏற்றிக் கொண்டு போனால், அதன் கொக்கியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்க்கவும். அந்தப் பக்கத்தில் அதைக் குச்சிக்கிழங்கு என்பார்கள். சேலம், ராசிபுரம், நாமகிரிப்பேட்டை வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிற சரக்கு. நீங்கள் விரதத்தன்று பாயசம் சாப்பிடுவது அந்தக் கொக்கியின் புண்ணியத்தில்.

கொக்கி என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர விஷயம் எளிது. டிராக்டரின் முதுகில் ஓட்டை போட்ட இரும்பு. டிரெய்லரின் மூக்கில் ஒரு வளையம். இரண்டையும் சேர்த்து மேலிருந்து ஒரு தடியான பின் இறங்குகிறது. பின் நழுவி மேலே வந்துவிடாமல் அதற்குக் கீழே ஒரு சின்ன கிளிப். டன் கணக்கில் சரக்கு போவது இந்த ஒற்றைப் பின்னை நம்பித்தான். உங்கள் ஆபீஸில் மேனேஜருக்கும் ஸ்டாஃபுக்கும் நடுவே ஒரு ஹெட்கிளார்க் இருப்பாரே, அதே வேலை. இரண்டு பக்கமும் இழுக்கும், இரண்டு பக்கமும் இடிக்கும், இன்க்ரிமென்ட் மட்டும் வராது.

டீக்கடையில் நின்று இதைப் பற்றிக் கேட்டால் உடனே இரண்டு கட்சி ஆகிவிடும்.

"போடாம விட்டா தேஞ்சு போயிருமுங்க. ஒவ்வொரு வளைவுக்கும் கீச்சு கீச்சுன்னு கத்துமுங்க."

"அட, போட்டாத்தானுங்க தேயும்! புழுதியெல்லாம் அதுல வந்து ஒட்டிக்கும். அப்புறம் அரம் வெச்சு ராவுன மாதிரி."

தமாஷ் என்னவென்றால், இரண்டு பேர் சொல்வதும் சரி.

முதல் கட்சியைப் பார்ப்போம். நெடுஞ்சாலையில் நேராகப் போகும்போது கொக்கிக்குப் பெரிய வேலை கிடையாது. குண்டு குழியில் கொஞ்சம் மேலும் கீழும் ஆடும், அவ்வளவுதான். கொல்லிமலை வளைவில் கதையே வேறு. டிராக்டர் திரும்பி மேல் ரோட்டைப் பார்க்கிறது, டிரெய்லர் இன்னும் கீழ் ரோட்டிலேயே கிழக்கே பார்த்துக் கொண்டிருக்கிறது. நடுவில் கொக்கி முழங்கை மாதிரி மடங்குகிறது. மடங்கும்போது வளையத்தின் உள்பக்கம் பின்னின் மேல் மொத்தச் சுமையோடும் உரசிக் கொண்டே சுழல்கிறது. ஏற 70, இறங்க 70. ஒரு நடைக்கு 140 தடவை. வாரத்துக்கு மூன்று நடை அடித்தால் 420. காலண்டர் எடுத்து வருஷக் கணக்கை நீங்களே போட்டுக் கொள்ளுங்கள், ஆபீஸில் இப்போது வேலை இருக்காது.

இரும்போடு இரும்பு வெறுமனே உரசினால் இரண்டும் கண்ணுக்குத் தெரியாத மேடுகளில் ஒன்றையொன்று பிடித்து, பிய்த்து, சூடாகி, துகளாகும். பின்னின் நடுப்பகுதி இடுப்பு மாதிரி ஒடுங்கும். வளையம் வட்டத்தை விட்டு முட்டை வடிவத்துக்கு மாறும். (நாமக்கல் பக்கம் என்பதால் அல்ல.) இடுப்பு ஒடுங்கிய பின் ஒருநாள் அங்கேயே ஒடியும். நடுவில் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தால் இரும்பும் இரும்பும் நேருக்கு நேர் முகம் பார்ப்பது குறையும். மழைக்காலத்தில் துருவும் ஏறாது.

இரண்டாவது கட்சி புழுதியை வைத்துப் பேசுகிறது. கிரீஸ் என்பது தனிப் பொருளல்ல. எண்ணெயை ஒரு விதமான சோப்பு பிடித்து வைத்திருக்கிறது, பஞ்சு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிற மாதிரி. கடையில் 'எம்.பி. கிரீஸ்' என்று கேட்டால் தருவது பெரும்பாலும் லித்தியம் சோப்பு போட்டது. அந்தப் பஞ்சு எண்ணெயோடு மண்ணையும் சேர்த்துப் பிடித்துக் கொள்ளும். மண்ணில் இருக்கிற குவார்ட்ஸ் துகள் சாதாரண இரும்பைவிடக் கடினம். மெக்கானிக் பட்டறையில் வால்வ் அரைக்க ஒரு பேஸ்ட் வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். பிசுக்கும் கரடுமுரடுத் துகளும் சேர்ந்த கலவை. மூன்று மாதமாகத் துடைக்காமல், பழைய கிரீஸ் மேலேயே புது கிரீஸ் அப்பி வைத்த கொக்கியில் இருப்பதும் ஏறக்குறைய அதே பேஸ்ட்தான். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை.

ஆக, சண்டை கிரீஸைப் பற்றியே அல்ல. வேஸ்ட் துணியைப் பற்றியது. ஒவ்வொரு தடவை டிரெய்லரைக் கழற்றும்போதும் பின்னை எடுத்து, பழைய கறுப்பைச் சுத்தமாக வழித்து, மண்ணெண்ணெயோ டீசலோ தொட்டுத் துடைத்து, மெல்லிசாக ஒரு பூச்சு. தோசைக்கல்லில் வெங்காயத்தைத் தொட்டு எண்ணெய் தேய்ப்பார்களே, அந்த அளவு. பஜ்ஜிக்கு ஊற்றுகிற அளவு இல்லை. இப்படித் துடைத்துப் போடுகிறவர் என்றால் போடலாம். துடைக்கிற பழக்கம் கிடையாது, அப்புவது மட்டும்தான் தெரியும் என்றால் தயவுசெய்து போடாமலே இருக்கட்டும்.

'கொஞ்சமாகப் போடு' என்பதற்குப் பழைய சாட்சி எகிப்தில் கிடைக்கிறது. ஜெஹூதிஹோட்டப் என்கிற பெருந்தலையின் கல்லறையில் சுமார் 3,900 வருஷத்துக்கு முந்தின ஓவியம். பிரும்மாண்டமான சிலையை ஒரு சறுக்குப் பலகையில் ஏற்றி ஏராளமானவர்கள் கயிறு கட்டி இழுக்கிறார்கள். சிலையின் காலடியில் ஒரே ஒருவர் மட்டும் நின்று கொண்டு முன்னாலிருக்கும் மணலில் எதையோ ஊற்றுகிறார். ஏதோ சடங்கு என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 2014-ல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்து இயற்பியல்காரர்கள் மணலையும் சறுக்குப் பலகையையும் வைத்து இழுத்தே பார்த்துவிட்டார்கள். சரியான அளவு தண்ணீர் விட்டால் இழுக்கிற சிரமம் பாதியாகக் குறைகிறது. அளவு மீறினால் மறுபடி கூடுகிறது. எல்லோரும் இழுக்கும்போது தான் மட்டும் ஜாலியாக ஊற்றிக் கொண்டிருந்ததாக நாம் நினைத்த ஆசாமிதான் பாதி வேலையைச் செய்திருக்கிறார். (ஆபீஸிலும் அப்படி யாராவது இருக்கலாம். அவசரப்பட்டு மெமோ கொடுக்க வேண்டாம்.)

நம் ஊர் மட்டும் என்ன இளப்பமா? மாட்டு வண்டியில் அச்சுக்கும் குடத்துக்கும் நடுவே போட மசகு என்று ஒன்று செய்வார்கள். வண்டி மை என்றும் சொல்வதுண்டு. வைக்கோலைக் கருக்கி, விளக்கெண்ணெய் விட்டு, மை மாதிரி குழைத்த சரக்கு. கரித்தூளும் எண்ணெயும். இன்றைக்கு கிராஃபைட் கிரீஸ் என்று டப்பாவில் விற்பதற்கு இது ஒன்றுவிட்ட தாத்தா. பைக் பிரியர்களுக்கு ஒரு உபரித் தகவல்: 'காஸ்ட்ரால்' என்கிற பெயரே விளக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரான 'காஸ்டர் ஆயிலி'லிருந்து வந்ததுதான். இன்னொன்றும் உண்டு. சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எதற்கு? மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும். வண்டியில் ஏற்றுகிற கிழங்குக்கும் வண்டிக்குப் போடுகிற எண்ணெய்க்கும் ஒரே காம்பவுண்டு!

அச்சைப் பற்றிய கவலை சங்க காலத்திலேயே இருந்திருக்கிறது. மேடு பள்ளத்தில் போகிற உப்பு வணிகர்கள் வண்டிக்கு அடியில் ஸ்டெப்னி மாதிரி ஒரு 'சேம அச்சு' கட்டி வைத்துக் கொண்டு போனதை ஔவையார் புறநானூற்றில் சொல்லியிருக்கிறார். கொல்லிமலையை ஆண்ட ஓரி காலத்துப் பாதைகளின் லட்சணத்துக்கு அது அவசியமாகத்தான் இருந்திருக்கும். இன்றைக்கு உபரியாக ஒரு கொக்கிப் பின் வைத்திருக்கிற டிராக்டர் எத்தனை என்று எண்ணினால் ஔவையார் வருத்தப்படுவார்.

சரி, துடைத்து, அளவாகப் போட்டால் எல்லாக் கொக்கிக்கும் கிரீஸ் நல்லதா? அங்கேதான் ஒரு முடிச்சு.

அமெரிக்கா, ஐரோப்பா பக்கம் போய் செட்டிலான நம் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை ஆனால் காருக்குப் பின்னால் ஏதாவது ஒன்றைக் கட்டி இழுக்கிறார்கள். வீடு மாறினால் வாடகை டிரெய்லர், லீவு விட்டால் படகு. அங்கே பின்னும் வளையமும் கிடையாது. காரின் பின்னால் ஒரு இரும்புக் குண்டு துருத்திக் கொண்டிருக்கும். அதன் மேல் டிரெய்லரின் கிண்ணம் கவிழ்ந்து உட்காரும். நம் தோள்பட்டை மூட்டு மாதிரி. ஐரோப்பாவில் குண்டு 50 மில்லிமீட்டர். அமெரிக்காவில் ஒண்ணே முக்காலே அரைக்கால் இஞ்ச், 2 இஞ்ச், அதைவிடப் பெரிசு என்று மூன்று சைஸ் புழக்கத்தில் உண்டு. 2 இஞ்ச் என்றால் 50.8 மில்லிமீட்டர். ஐரோப்பியக் குண்டோடு வித்தியாசம் முக்கால் மில்லிமீட்டர்தான். அதற்காக மாற்றி மாட்டிக் கொள்ளலாம் என்று நினைக்கக் கூடாது. முதல் பெரிய பள்ளத்தில் டிரெய்லர் தனிக்குடித்தனம் போய்விடும்.

இந்தக் குண்டுக்கும் அதே விதிதான். துடை, மெல்லிசாகப் போடு. ஆனால் ஐரோப்பாவில் வீட்டையே கட்டி இழுக்கிற 'கேரவன்' ஆசாமிகளின் கிண்ணத்துக்குள் வேறொரு சாமான் இருக்கும். வேகமாகப் போகும்போது கேரவன் நாய் வால் மாதிரி இடவலமாக ஆட ஆரம்பிக்கும். அதை அடக்க, கிண்ணத்துக்குள் பிரேக் லைனர் மாதிரி பட்டைகள் குண்டை இறுக்கிப் பிடித்துக் கொள்ளும். அந்த வகைக்கு கிரீஸ் அறவே கூடாது. புதுக் குண்டில் பெயின்ட் இருந்தால் அதைக்கூடச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். ஏனென்றால் அங்கே உரசல்தான் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறது. அதற்குப் போய் எண்ணெய் போட்டால் வேலைக்காரனைத் தூங்க வைத்த கதை. உங்கள் பைக்கிலேயே செயினுக்கு எண்ணெய் விடுகிறீர்கள், பிரேக் லைனருக்கு விடுகிறீர்களா?

இதைப் புரிந்து கொள்ள ஜெர்மனி வரை போக வேண்டியதில்லை. பெரிய தேர் ஓடுகிற ஊரில் ஒருநாள் நின்றால் போதும். வீதி மூலையில் தேரைத் திருப்ப, சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகட்டைப் போட்டு அதில் கிரீஸை அள்ளித் தடவுவார்கள். வழுக்கினால்தான் அத்தனை பெரிய உடம்பு திரும்பும். அதே தேர் நேர் வீதியில் ஓடும்போது ஒருவர் முட்டுக்கட்டையைத் தூக்கிக் கொண்டு சக்கரத்தோடு கூடவே ஓடுவார். அந்தக் கட்டையில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் அனர்த்தம். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி 'பெல்' நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்தும், கட்டை போடுகிறவர்களுக்கு மவுசு குறையவில்லை. ஒரே தேர், ஒரே சக்கரம். திரும்புகிற இடத்தில் வழுக்கல், நிறுத்துகிற இடத்தில் உரசல். எங்கே எது என்று தெரிந்தவர் கையில் கயிறு இருக்கிறது.

மலையடிவாரத்திலிருந்து நாமக்கல் டவுனுக்கு வந்தால் இந்த விவகாரம் இன்னும் பெரிய சைஸில். லாரி பாடி கட்டுவதில் பேர் போன ஊர். கேஸ் டேங்கர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். நீள டிரெய்லர்களில் இழுக்கிற வண்டியின் முதுகில் ஒரு வட்டத் தட்டு இருக்கும். 'ஃபிப்த் வீல்' என்பார்கள், அதாவது ஐந்தாவது சக்கரம். அது உருளாது, ரோட்டைத் தொடாது, ஆனாலும் பெயர் சக்கரம். குதிரை வண்டிக் காலத்தில் முன் அச்சுத் திரும்புவதற்காகப் படுக்கை வாட்டில் வைத்த வளையத்தின் பெயர் அப்படியே ஒட்டிக் கொண்டது. டிரெய்லரின் அடியிலிருந்து 'கிங் பின்' இறங்கி அதன் நடுவில் பூட்டிக் கொள்ளும். பொதுவாக 2 இஞ்ச் கனம், ரொம்பப் பெரிய சுமைக்கு மூன்றரை இஞ்ச்.

இந்தத் தட்டு காய்ந்து போனால் ஸ்டியரிங் மரக்கட்டை ஆகிவிடும். திருப்பினால் டிரெய்லர் 'வரமாட்டேன்' என்று அடம் பிடிக்க, முன் டயர் தேயும். ஆகவே இதற்கு கிரீஸ் தாராளமாகவே உண்டு, வழித்தெடுத்துவிட்டுத்தான். கிரீஸ் வேண்டாத பிளாஸ்டிக் வகைத் தகடு பதித்த தட்டுகளும் இப்போது வந்துவிட்டன. 18 அடி ஆஞ்சநேயருக்கு வெண்ணெய்க் காப்பு சாத்துகிற ஊர் ஆயிற்றே, பூசுவதைப் பற்றி அவர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை!

இத்தனை பேசிய பிறகு கொஞ்சம் பயமுறுத்தாமல் விடுவதற்கில்லை. கிரீஸ் தேய்மானத்தைத்தான் குறைக்கும். வண்டியைப் பிடித்து வைக்காது. மலையிறங்கும்போது கொக்கியில் நடப்பது தலைகீழ். ஏறும்போது டிராக்டர் டிரெய்லரை இழுக்கிறது. இறங்கும்போது டிரெய்லர் டிராக்டரைத் தள்ளுகிறது. விவசாய டிரெய்லர் பலவற்றில் தனியாக பிரேக் கிடையாது. பின்னால் இருக்கிற கிழங்கு மூட்டை மொத்தமும் அந்தப் பின்னின் வழியாக டிரைவரின் முதுகில் கை வைக்கிறது. பின் தளர்ந்த ஓட்டையில் முன்னும் பின்னும் 'டக்... டக்' என்று இடிக்கும். வளைவில் டிராக்டர் பக்கவாட்டில் திரும்பியிருக்கும் நேரம் பார்த்து அந்தத் தள்ளல் வந்தால் வண்டியையே குடை சாய்க்கும். அதற்கு கிரீஸ் டப்பாவில் மருந்து இல்லை. ஏறின கியரிலேயே இறங்க வேண்டும். நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்கிற கெட்டிக்காரத்தனம் கூடாது. டிரெய்லருக்கு பிரேக் இருந்தால் அது பிடிக்கிறதா என்று கீழே அல்ல, மேலேயே பார்த்துவிட வேண்டும்.

இன்னொன்று அந்தச் சின்ன கிளிப். பின்னுக்குக் கீழே போடுவது. தொலைந்து போனால் பத்து நிமிஷம் தேடிவிட்டு, கட்டுக்கம்பியை முறுக்கியோ ஆணியை வளைத்தோ சொருகிவிட்டு, "ஊருக்குப் போய் மாத்திக்கலாமுங்க" என்று கிளம்புவதுண்டு. வழவழவென்று கிரீஸ் போட்ட பின் மேலே எகிறுவதற்கு இன்னும் சுலபம் என்பதை யோசியுங்கள். கிரீஸ் போடுகிறவர் கட்டாயம் கிளிப்பையும் போட வேண்டும். கிளிப் இல்லையென்றால் கிரீஸ் இருக்கட்டும், வண்டியையே எடுக்க வேண்டாம். கூடவே ஒரு சங்கிலி கட்டினால், பின் கைவிட்டாலும் டிரெய்லர் அடுத்த வளைவில் எதிரே வருகிற பஸ்ஸை விசாரிக்கப் போகாது. அந்த பஸ்ஸில் அறப்பளீசுவரரைப் பார்க்கவும் ஆகாய கங்கையில் குளிக்கவும் போகிற நம்மைப் போன்றவர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்போம்.

கடைசியாக, கிரீஸுக்கு எதிராக அமெரிக்கப் பையன்கள் ஒரு வாதம் வைக்கிறார்கள். அதற்கு மட்டும் எந்த எஞ்சினியரிடமும் பதில் கிடையாது. காரின் பின்னால் துருத்திக் கொண்டிருக்கிற குண்டு முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, கச்சிதமான உயரத்தில் இருக்கிறது. டிக்கியில் மளிகைச் சாமான் வைக்கும்போது 'ணங்'கென்று கால் எலும்பில் இடிப்பது போதாது என்று, பேண்ட்டில் ஒரு கறுப்பு முத்திரையும் விழும். அங்கே அதற்கு ஒரு உபாயம் கண்டுபிடித்திருக்கிறார்கள். பழைய டென்னிஸ் பந்தில் பிளேடால் ஒரு கீறல் போட்டு, குண்டுக்குக் குல்லாவாகக் கவிழ்த்துவிடுகிறார்கள். புழுதியும் ஒட்டாது, பேண்ட்டும் பிழைக்கும். நம்மூர்க் கொக்கிக்குப் பந்து சேராது, சாக்குத் துணியைச் சுற்றினால் சரி. அதையும் மீறிக் கறை பட்டுவிட்டால் உடனே தண்ணீரில் நனைத்துவிடாதீர்கள். முதலில் முகத்துக்குப் போடுகிற பவுடரைக் கொட்டி ஊற விட்டு, உதறி, பாத்திரம் தேய்க்கிற சோப்புத் திரவத்தைத் தடவி, அப்புறம்தான் தண்ணீர். வெள்ளை பேண்ட் என்றால் ஆயுத பூஜை அன்றைக்குப் போட்டுக் கொள்ளலாம்.